ஆவணப்படம்: ஒரு சொல்லின் மூலப்பத்திரம்

2001 ஆடி மாதம், சாரல் நன்றாக விழுந்த ஆண்டு. குற்றாலத்தில் ஐந்து நாள் படப்பிடிப்பு. ஒரு தொலைக்காட்சிக்காக எடுத்தோம்; நான் ஒலிப்பதிவு உதவி. பேரருவிக்குப் போகும் வழியில் பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஒருவரைப் பேச வைக்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். சட்டை போடாதவருக்குக் காலர் மைக்கை எங்கே மாட்டுவது? தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் மாட்டினேன். துண்டு முழுக்க நல்லெண்ணெய் ஊறியிருந்தது. கிளிப் இரண்டு தரம் வழுக்கி விழுந்தது, மூன்றாம் தரம் நின்றது. "என்னய்யா இது?" என்றார். "ஆவணப்படம் எடுக்கிறோம், தாத்தா" என்றேன்.

"ஆவணம்னா பத்திரம்லா? யாரு எடத்துப் பத்திரம்? அத எதுக்குய்யா இங்க வந்து படம் புடிக்கிய?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்று அப்போதே தோன்றியது. தென்காசியில் சார்பதிவாளர் அலுவலகத்துப் பக்கம் போனால் 'ஆவண எழுத்தர்' என்ற பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். உள்ளே மேசை, முத்திரைத்தாள், மை ஒற்றும் அட்டை, கட்டைவிரலில் ஊதா மையோடு காத்திருக்கும் குடும்பம். இந்த ஊரில் ஆவணம் என்றால் அதுதான். விற்றவர், வாங்கியவர், சாட்சி, தேதி, நான்கெல்லை எல்லாம் அதில் இருக்கும். படத்துக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று அன்று முதல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேட ஆரம்பித்தால் வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது. அகநானூற்றில் ஆவணம் இரண்டு முகத்தோடு வருகிறது. 122-ஆம் பாட்டு பரணர் பாடியது. இரவில் காதலனைச் சந்திக்க முடியாமல் தவிக்கிற தலைவி, தடைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். கடைத்தெரு அடங்கினால் அம்மா தூங்க மாட்டாள், அம்மா தூங்கினால் காவலர் சுற்றுவார்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். அங்கே கடைத்தெருவுக்குப் பெயர் ஆவணம். 77-ஆம் பாட்டு மருதன் இளநாகனாருடையது. கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையை உடைத்து உள்ளே இருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள் அதில் வருகிறார்கள். அவர்கள் 'ஆவண மாக்கள்'. போர்க்களத்தில் செத்த வீரனின் குடலைக் கழுகு இழுப்பதற்கு உவமையாக இந்தக் காட்சியை வைக்கிறார் புலவர். குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டோடு இந்த வரிகளையும் சேர்த்தே பேசுவார்கள்.

கடைத்தெருவும் ஓலையும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன? கடைத்தெரு என்ற பொருளை வடமொழியின் 'ஆபணம்' என்ற சொல்லோடு இணைப்பவர்கள் உண்டு. உரிமையைக் குறிக்கும் தமிழ் வேரிலிருந்தே வந்தது என்பவர்களும் உண்டு. சொல்லாராய்ச்சியையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட தேவநேயப் பாவாணர் 1902-ல் பிறந்தது சங்கரன்கோவிலில். இன்று அது தென்காசி மாவட்டம். அவர் பிறந்த மண்ணில் நின்று இந்த வழக்கைத் தீர்த்துவைக்க எனக்குத் தகுதி இல்லை. வேர் எதுவானாலும், விற்பது வாங்குவது நடக்கும் இடத்தில்தான் எழுதி வைக்கும் தேவையும் வரும் என்பது மட்டும் புரிகிறது. சோழர் கல்வெட்டுகளில் 'விலையாவணம்' என்று வருவது இன்றைய கிரயப்பத்திரம்தான்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் சேக்கிழார் என்பேன். சுந்தரர் திருமணக் கோலத்தில் இருக்கும்போது ஒரு கிழவர் வந்து "நீ எனக்கு அடிமை" என்கிறார். கையில் ஓலை. சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் கிழவரிடம் மூன்று சான்றுகளில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது நெடுநாள் அனுபவம், எழுத்து, கண்டவர் சாட்சி. கிழவர் அமைதியாக, கிழிபட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். அதை எடுத்துக் காட்டுகிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதியதாகச் சொல்லப்படும் அந்த ஓலையின் கையெழுத்தை, அவர் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்கிறார்.

12-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒருவர் ஆவணத்தையும் காட்சியையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வரிசையில், சான்று என்ற தலைப்பின்கீழ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எண்ணூறு ஆண்டு கழித்து ஒரு கருவி வந்தது, கண்டவரின் காட்சியையே எழுத்துப்போலப் பதிந்து வைக்கக்கூடியது. அதன் விளைவுக்கு ஆவணப்படம் என்று பெயர் வைத்தவர் சேக்கிழாரை மனதில் வைத்து வைத்தாரோ இல்லையோ, சொல் தானாகப் போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மூல ஓலையும் அழியவில்லை. இன்றும் நிலம் வாங்கப் போனால் ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மூலப்பத்திரம் இருக்கா?"

தென்காசியிலேயே ஓர் ஆவணம் கல்லில் நிற்கிறது. காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே தமிழ்ப் பாடல்களைப் பொறித்து வைத்தான். பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்பது அவற்றில் ஒன்றன் கருத்து. ஓர் அரசன், தான் காணப்போகாத மனிதர்களுக்கு எழுதிக் கொடுத்தது. கோபுரம் உண்மையிலேயே சிதைந்து, பல தலைமுறை அப்படியே நின்று, 1990-ல் புதிதாக எழும்பிக் குடமுழுக்கு கண்டது. ஆவணம் என்றால் நாளைக்கு வருகிறவனுக்கும் சேர்த்து எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்தக் கல்தான்.

இனி மேற்கே போவோம். ஆங்கிலத்தின் டாக்குமெண்ட், கற்பிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் ஆதிப் பொருள் பாடம். சான்று என்பதும் எழுத்து என்பதும் மெல்ல மெல்ல ஏறிய பொருள்கள். 1926 பிப்ரவரியில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஜான் கிரியர்சன், ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த 'மோனா' என்ற படத்துக்கு மதிப்புரை எழுதும்போது டாக்குமெண்டரி என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சமோவாத் தீவின் இளைஞன் ஒருவனுடைய வாழ்க்கையைக் காட்டும் படம் அது. அந்த மதிப்புரைக்குப் பிறகு சொல் நிலைத்தது. கிரியர்சனுக்குப் படம் என்றால் பாடம்தான். குடிமக்களுக்குக் கற்பிக்கும் கருவி. லத்தீன் வேர் அவர் கையில் துளிர்த்தது என்றே சொல்லலாம்.

தமிழில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்த முதல் மனிதர் ஏ.கே. செட்டியார். கோட்டையூர்க்காரர், உலகம் சுற்றியவர், பின்னாளில் 'குமரி மலர்' இதழை நடத்தியவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். அன்று அட்லாண்டிக் கடலில் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் பிறந்தது. பிறகு நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்தியின் சலனக் காட்சிகளைத் திரட்டினார். 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழ் விளக்கவுரையோடு படம் வெளிவந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி நடக்கும்போது, யுத்த காலத்தில்! இதற்காக அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட். அந்தச் சொல்லை அவர் அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்தத் தமிழ்ப் படம் இன்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் சுருக்கிய வடிவம் ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருப்பதை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டார். திருவெண்ணெய்நல்லூரில் படி கிழிந்தது, மூலம் தப்பியது. செட்டியார் விஷயத்தில் மூலம் போய்விட்டது, படி மிஞ்சியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

தியேட்டருக்குப் போன என் தலைமுறைக்கு இந்த வகைப் படத்துக்குத் தெரிந்த பெயர் செய்திப்படம். பேச்சில் 'நியூஸ் ரீல்'. அதன் கதை யுத்தத்தில் தொடங்குகிறது. 1943-ல் பிரிட்டிஷ் அரசு, ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்பிய படத்தை 2000 அடி வரை திரையிட வேண்டும் என்று கொட்டகைகளுக்கு உத்தரவு போட்டது. சுதந்திர இந்தியா 1948-ல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. கட்டாயம் மீண்டும் வந்தது, கொட்டகைக்காரர் அதற்கு வாடகையும் கட்டினார். அணை திறப்பார்கள், வெள்ளம் வடியும், பிரதமர் கைகுலுக்குவார். வெளியே முறுக்கு தின்றுகொண்டிருப்பவர்கள், "நியூஸ் ரீல்தான் ஓடுது, மெள்ளப் போலாம்" என்பார்கள். பம்பாயில் பேசிப் பதிவு செய்த தமிழ்க்குரல் ஒன்று எல்லாவற்றையும் விளக்கும். பக்ரா அணையின் கூலியாளும் பேசமாட்டார், தஞ்சாவூர் விவசாயியும் பேசமாட்டார். அவர்களுக்குப் பதில் அந்தக் குரல் பேசும். அருமையான படங்களும் அங்கே உருவாயின, மறுக்கவில்லை. ஆனால் செய்திப்படம் என்ற பெயரிலேயே அதன் திசை தெரிகிறது. மேலிருந்து கீழே வருவது செய்தி.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ல் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. எங்கள் பக்கம் அது எட்டவில்லை. கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் எழும்பும்வரை நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் வட்டாரத்தில் மாடிக்கு மாடி உயரக் கம்பம் நட்டு ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி வைத்தோம். இலங்கையின் ரூபவாஹினி தெரியும். 1982 பிப்ரவரியில் தொடங்கிய அந்த நிலையம்தான் எங்களில் பலருக்கு முதல் தொலைக்காட்சி. படத்தில் பாதி நேரம் பூச்சி பறக்கும். காற்று அடித்தால் ஒருவர் மேலே ஏறிக் கம்பத்தைத் திருகுவார், கீழிருந்து ஒருவர் "இப்ப தெரியுது, விட்ராத" என்று கத்துவார்.

ஈழத்தமிழ் இந்த வகைக்குத் தந்த பெயர் விவரணப்படம். வானொலி வழக்கில் விவரணச் சித்திரம். இலங்கைத் தமிழ் ஏடுகளில் இன்றும் புழங்குகிறது. விவரணம் என்றால் விரித்து விளக்குவது. தொலைக்காட்சி இந்தப் படவகைக்குச் செய்ததை இந்தச் சொல் சரியாகவே பிடிக்கிறது என்று நினைக்கிறேன். கொட்டகையில் பத்து நிமிடத்தில் முடிந்தது, வீட்டில் அரைமணி நேரமாக விரிந்தது. கூட்டத்துக்கு நடுவே முழங்கிய குரல், கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரிடம் பேசும் குரலாக இறங்கியது. முகம் பெரிதானது. சின்னப் பெட்டியில் தூரக்காட்சி எடுபடாது, ஆகவே கேமரா மனிதரின் பக்கத்தில் வந்தது. வீடியோ டேப் வந்ததும் படமும் ஒலியும் ஒன்றாகவே பதிவாயின. எதிரே இருப்பவர் தன் வாயால் பேசுவதைக் காட்டுவது, பின்னணிக்குரல் எழுதுவதைவிடச் சுலபமாகிவிட்டது. ஆவணப்பட வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறு இல்லை. தொழில்நுட்பம் தந்த சலுகையாக நுழைந்து, கடைசியில் அறமாக மாறிய ஒன்று.

சென்னைத் தூர்தர்ஷனின் செயற்கைக்கோள் அலைவரிசைக்குப் பின்னாளில் 'பொதிகை' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மலையின் பெயர். 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆனது. மலைப்பெயர் போனதில் வருத்தம்தான். அந்தப் பெயரில் பார்த்த இசைக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் கோயில்களும் என் மனத்தில் பொதிகையோடுதான் ஒட்டிக்கிடக்கின்றன.

ஆவணப்படம் என்ற சொல்லை நான் அடிக்கடி பார்க்கத் தொடங்கியது தொண்ணூறுகளில், திரைப்பட இயக்கங்களின் துண்டறிக்கைகளில். நெல்லையில் 'காஞ்சனை' திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் போன்றவர்கள் சின்ன அறைகளில் நல்ல படங்களைக் காட்டினார்கள். ஏன் இந்தச் சொல் வென்றது என்று எனக்குப் புரியவைத்த நாள் 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கூலி உயர்வும் சிறைப்பட்டவர் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம் கொக்கிரகுளத்தில் தடியடிக்கு உள்ளானது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அவர்களில் கைக்குழந்தையும் உண்டு. சீனிவாசன் 'நதியின் மரணம்' எடுத்தார். அதைச் செய்திப்படம் என்று யாரால் சொல்ல முடியும்? செய்தி ஏற்கனவே பல விதமாகச் சொல்லப்பட்டுவிட்டது. விவரணப்படம் என்றும் சொல்ல முடியாது. விவரித்து அழகு பார்க்க அங்கே எதுவும் இல்லை. அது அவையில் வைக்கும் ஓலை. அயலார் காட்சி. பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் நெல்லைத் தமிழில், தங்கள் வாயால் பேசினார்கள்.

அதன்பின் வரிசையாக வந்தன. மதுரையிலிருந்து அமுதன் ஆர்.பி. 2003-ல் 'பீ' எடுத்தார். துப்புரவுத் தொழிலாளி ஒருவர் தெருவில் கிடக்கும் மலத்தை அள்ளும் வேலையைக் கேமரா விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டேயிருக்கும். 2017-ல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' மலக்குழிச் சாவுகளைப் பற்றிப் பேசியது. அலைவரிசை எதற்கும் காத்திருக்காமல் யூடியூபில் மக்களிடம் போனது. கலைஞர்களைப் பதிவுசெய்யும் மரபும் கூடவே வளர்ந்தது. அம்ஷன் குமார் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் படமாக்கி தேசிய விருது பெற்றார். பாரதியைப் பற்றியும் எடுத்திருக்கிறார். பாரதி 1918 முதல் இரண்டாண்டு இருந்த கடையம் தென்காசிக்குப் பக்கம்தான். அந்தத் தெருவில் நடக்கும்போது, அவர் குரல் ஒரு நொடிகூட எங்கும் பதிவாகவில்லை என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வந்து தைக்கும். 2023-ல் முதுமலையின் பொம்மன், பெள்ளியைப் பற்றிய கார்த்திகி கொன்சால்வெஸின் குறும்படம் ஆஸ்கர் வாங்கியபோது, ஆவணப்படம் என்ற சொல் டீக்கடைப் பேச்சுக்கும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிலிம்ஸ் டிவிஷன் வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்துபோனது.

சொல்லின் பின்பாதியையும் பார்க்க வேண்டும். படம் என்றால் பழந்தமிழில் துணி. முல்லைப்பாட்டில் அது சட்டையைக் குறிக்கிறது. துணியில் எழுதிய ஓவியம் படமானது, பிறகு எல்லா ஓவியமும் படமானது. சினிமா வந்து வெள்ளைத் துணியில் விழுந்தபோது சொல் தன் பிறந்த வீட்டுக்கே திரும்பியது. தொலைக்காட்சிதான் துணியை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைத்தது. பெயரை மட்டும் நாம் மாற்றவில்லை. குற்றாலத்துச் சித்திர சபையில் ஆடவல்லான் செப்புத்திருமேனியாக இல்லை, சுவரில் சித்திரமாக இருக்கிறார். ஆடவல்லானின் மற்ற நான்கு சபைகளில் உற்சவரை வெளியே எடுத்துவந்து காட்டலாம். இங்கே சித்திரத்தைப் பார்க்க நாம்தான் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஆவணப்படம் எடுக்க வருகிற இளைஞர்களை நான் முதலில் கூட்டிப்போவது அங்கேதான்.

ஏனென்றால் இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. படிக்கட்டில் மக்கள் விழுந்தடித்து ஓடும் காட்சி சில மணி நேரத்தில் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு சிறுவன் உயிர் போனது. அந்தக் காட்சி என் செல்பேசிக்கு எத்தனையோ பேரிடமிருந்து வந்தது. எதிலும் எடுத்தவர் பெயரில்லை, எடுத்த நேரமில்லை, எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்ற குறிப்பில்லை. அதைக் காட்சி என்பேன். ஆவணம் என்று சொல்ல நா எழவில்லை. நான்கெல்லை இல்லாத பத்திரத்தை எந்தச் சார்பதிவாளர் பதிவார்? மேலே மலையில் மழை எவ்வளவு, எச்சரிக்கை எப்போது வந்தது, கீழே நின்றவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து தேடி, அந்தக் காட்சியோடு சேர்த்துக் கட்டினால் அது ஆவணமாகும்.

எண்ணெய்த் தாத்தாவிடம் வருகிறேன். அன்று அவர் நாற்பது நிமிடம் பேசினார். அருவியில் தண்ணீர் எந்த மாதத்தில் எந்த நிறத்தில் வரும், வெள்ளம் வரப்போவதை வாசனையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, காட்டில் எந்தக் குறி தெரிந்தால் ஆட்களை மேலே ஏற்றிவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கையை மட்டும் நிறுத்தவேயில்லை. எதிரே குப்புறக் கிடந்த வாடிக்கையாளரின் முதுகில் உள்ளங்கை சறுக்கும் சத்தம் மைக்கில் முழுக்க விழுந்தது. இயக்குநர் அதைக் குறை என்றார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

மைக்கைக் கழற்றும்போது கேட்டார்: "எய்யா, பத்திரம்னா எழுதிக் குடுத்தவனுக்கும் ஒரு நகலு உண்டும்லா?"

"உண்டு தாத்தா. கொண்டுவந்து தருகிறேன்" என்றேன்.

ஒளிபரப்பான படத்தில் அவர் வந்தது பதினொரு நொடி. குரல் இல்லை, பின்னணி இசை. மீதியை நகலெடுக்கலாம் என்று ஒரு மாதம் கழித்துப் போனேன். டேப் பற்றாக்குறை என்று அதன்மேல் வேறொரு நிகழ்ச்சியைப் பதிந்திருந்தார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். என் கையெழுத்துதான்: "குற்றாலம் 3. எண்ணெய்த் தாத்தா. வெள்ளம் பற்றி, 40 நிமிடம்." ஓரத்தில் அவர் துண்டிலிருந்து என் விரலில் ஒட்டிய எண்ணெயின் கறை. மேசை இழுப்பறையில், வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.